லைசென்ஸ் எடுக்க பிறப்புச் சான்றிதழ் கட்டாயமா? திற்பரப்பு முதல் மார்த்தாண்டம் ஆர்டிஓ வரை... யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்?

பதினெட்டு வயசு முடிஞ்சாச்சு. பைக் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணணும். "பர்த் சர்டிபிகேட் இல்லாம லைசென்ஸ் கிடையாதாமே?" என்று யாரோ சொல்ல, வீட்டில் அலமாரியைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இது பாதி உண்மைதான். உங்கள் பிறந்த தேதி எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

கோடு போட்ட தேதி: 2023 அக்டோபர் 1.

அந்த நாளிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, பிறந்த தேதிக்கும் பிறந்த இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். வேறு எதுவும் செல்லாது. அதற்கு முன்பு பிறந்தவர்களுக்கு அது பல ஆவணங்களில் ஒன்று. அதாவது இன்றைக்கு லைசென்ஸ் வயதில் இருக்கும் யாருக்கும் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் இல்லை.

அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு? காரணம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. 2023-ல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. பள்ளி, கல்லூரி சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் எண் ஆகிய எல்லாவற்றுக்கும், அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ்தான் காட்ட வேண்டும் என்கிறது 17-வது பிரிவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 அக்டோபர் 1-ல் பிறந்த குழந்தைக்கு 16 வயது ஆவது 2039-ல். அதுதான் 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்கான குறைந்தபட்ச வயது. கியர் பைக், கார் என்றால் 18 வயது, அதாவது 2041. ஆக, ஆர்டிஓ அலுவலகத்தில் இந்த விதி முழுமையாக வேலை செய்யத் தொடங்க இன்னும் காலம் இருக்கிறது.

ஆனால் அதே குழந்தைக்கு ஆதார் இப்பவே எடுப்பீர்கள். 2027 ஜூனில் எல்கேஜியில் சேர்ப்பீர்கள். அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தால் பாஸ்போர்ட்டும் சீக்கிரமே வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் விதியையும் மத்திய அரசு 2025 பிப்ரவரியில் இதற்கேற்ப மாற்றிவிட்டது. அதனால் லைசென்ஸ் வரை காத்திருக்கும் விஷயம் இல்லை இது. கைக்குழந்தை வீட்டில் இருந்தால், சான்றிதழை இன்றைக்கே எடுத்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

2023-க்கு முன்பு பிறந்தவர்கள் லைசென்ஸுக்கு என்ன காட்டலாம்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் நான்காவது விதி இதற்கான பட்டியலைத் தருகிறது. பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், எல்ஐசி பாலிசி போன்றவை அதில் உண்டு. இவை எதுவுமே இல்லாதவர்களுக்கு, சிவில் சர்ஜன் தகுதிக்குக் குறையாத மருத்துவர் தரும் வயதுச் சான்றும் ஒரு வழி. அதுவும் முடியாவிட்டால் நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை, காரணம் நியாயமாக இருந்தால், உரிமம் வழங்கும் அதிகாரி ஏற்கலாம். "ஏற்கலாம்" என்றுதான் விதி சொல்கிறது, "ஏற்க வேண்டும்" என்று அல்ல. அதை நம்பி மட்டும் கிளம்பிப் போகாதீர்கள்.

நடைமுறையில் பெரும்பாலானோருக்கு வேலை முடிவது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில். பத்தாம் வகுப்பு முடித்தவர் என்றால் அதை எடுத்து வையுங்கள், போதும்.

இப்போது எல்எல்ஆருக்கு 'சாரதி' இணையதளத்தில் ஆதார் வழியாக வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க முடிகிறது. அப்படிச் செய்தால் ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி, முகவரி அப்படியே விண்ணப்பத்துக்குள் வந்து உட்காரும். ஆதாரில் தேதி சரியாக இருந்தால் இது வசதி. தப்பாக இருந்தால்? அந்தத் தப்பு லைசென்ஸுக்கும் ஏறிவிடும். பிறகு அந்த லைசென்ஸை வைத்து வாக்காளர் பட்டியலில் சேர்வீர்கள், 2023-க்கு முன் பிறந்தவர் என்பதால் பாஸ்போர்ட்டுக்கும் அதையே பிறந்த தேதிச் சான்றாகக் கொடுப்பீர்கள். ஒரு கார்டில் இருந்த தப்பு நாலு கார்டில் ஏறியிருக்கும்.

எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி நிரந்தர உரிமம் வாங்கலாம். தேதியில் திருத்தம் இருந்தால் எல்எல்ஆர் போடும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

ஆதார் இருக்கே, அது போதாதா?

அடையாளத்துக்குப் போதும். பிறந்த தேதிக்கு முடிவான ஆதாரமாக அதை எடுக்க முடியாது. இப்போது வரும் ஆதார் கடிதத்திலேயே அது அடையாளச் சான்று மட்டும்தான், குடியுரிமைக்கோ பிறந்த தேதிக்கோ சான்று அல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள். பலர் அந்த வரியைக் கவனிப்பதில்லை. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பும் 2024 ஜனவரியில் பிறந்த தேதி ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது.

2024 அக்டோபர் 24-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. ஹரியானாவில் விபத்தில் இறந்தவருக்கு ஆதார்படி வயது 47. பள்ளிச் சான்றிதழ்படி 45. இரண்டு வருடம்தானே என்று தோன்றும். ஆனால் மோட்டார் வாகன இழப்பீட்டில் வயதைப் பொறுத்துத்தான் பெருக்கும் எண் மாறும், தொகையும் மாறும். உயர் நீதிமன்றம் ஆதாரை எடுத்துக்கொண்டு இழப்பீட்டைக் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் பள்ளிச் சான்றிதழைத்தான் ஏற்றது.

ஆதார் முதலில் வந்த காலத்தில் ஆவணம் இல்லாதவர்கள் வாயால் சொன்ன வயதை வைத்தே பதிவு செய்தார்கள். அதனால்தான் வயதானவர்கள் பலரது ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கார்டைப் பாருங்கள், ஒன்றாவது கிடைக்கும்.

ஆதாரில் பிறந்த தேதியை பொதுவாக ஒரே ஒரு தடவைதான் மாற்ற முடியும். அந்த ஒரு வாய்ப்பை சரியான ஆவணம் கையில் இல்லாமல் வீணாக்கிவிடாதீர்கள்.

திற்பரப்பில் உள்ள தனிச் சிக்கல்: பிள்ளை பிறந்தது எந்த மாநிலம்?

மற்ற மாவட்டங்களில் அதிகம் வராத ஒரு கேள்வி, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அடிக்கடி வரும். திற்பரப்பு, குலசேகரம், அருமனை, களியக்காவிளை என்று இந்தப் பக்கத்து ஊர்களுக்கு கேரள எல்லை கூப்பிடு தூரம். பிரசவத்துக்கு குலசேகரமோ தக்கலையோ ஆசாரிப்பள்ளமோ போகிறவர்கள் உண்டு. சிக்கலான பிரசவம் என்றால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்ஏடி மருத்துவமனைக்குப் போகிறவர்களும் உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் தாய்வீடு இருந்தால் அங்கேயே பிரசவம் நடந்திருக்கும்.

"நாங்க திற்பரப்பு, ரேஷன் கார்டு இங்க, ஓட்டு இங்க. பிள்ளைக்க சர்டிபிகேட்டு மட்டும் ஏன் அங்க?" என்ற கேள்வி இதிலிருந்துதான் வருகிறது.

பதில் இதுதான்: குடியிருக்கும் ஊரில் பதிவு நடக்காது. பிறந்த இடத்தில்தான் நடக்கும். எஸ்ஏடியில் பிறந்த குழந்தைக்கு பதிவு திருவனந்தபுரம் மாநகராட்சியில். பாறசாலையில் பிறந்திருந்தால் அந்த ஊராட்சியில். திற்பரப்பு பேரூராட்சி அலுவலகத்தில் எத்தனை தடவை தேடினாலும் அந்தப் பெயர் அங்கே வராது. இங்கே இல்லையே என்று புதிதாக ஒரு பதிவு போட முயல்வது அதைவிடப் பெரிய சிக்கல். ஒரு குழந்தைக்கு இரண்டு பிறப்புப் பதிவு இருக்கக் கூடாது.

கேரளச் சான்றிதழ் வாங்க ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற வேண்டியதில்லை. கேரள உள்ளாட்சி அமைப்புகளின் சேவைகள் 'கே-ஸ்மார்ட்' என்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. 2024 ஜனவரியில் நகர்ப்புற அமைப்புகளில் தொடங்கி, 2025-ல் ஊராட்சிகளுக்கும் விரிந்தது. பிறந்த தேதி, பெற்றோர் பெயர் கொடுத்துத் தேடி எடுக்கலாம். சான்றிதழ் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். வேறு மாநிலத்துச் சான்றிதழ் என்பதற்காக இங்கே யாரும் தள்ள முடியாது. சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான்.

ஆனால் எழுத்துப் பிழைக்கு இங்கே வாய்ப்பு அதிகம். அப்பா சொன்ன தமிழ்ப் பெயர் மலையாளத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கும். பிறகு இங்கே பள்ளியில் தமிழில் எழுதி, மறுபடியும் ஆங்கிலத்துக்கு மாற்றுவார்கள். ஜெபின் எங்கோ ஒரு இடத்தில் ஜெஃபின் ஆகியிருப்பான். கேரளச் சான்றிதழில் முகவரியோடு வீட்டுப்பேரும் இருக்கும், தமிழ்நாட்டு ஆவணங்களில் அது காணாமல் போகும். இங்கே பெயருக்கு முன்னால் போடும் இனிஷியல், அங்கே பெயருக்குப் பின்னால் போயிருக்கும்.

சின்ன விஷயம்தான். ஆனால் கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு எழுத்து வித்தியாசம் கூட விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பப் போதும்.

சான்றிதழ் இருக்கு, அதில் பெயர் இருக்கா?

இதைத்தான் முதலில் பார்க்கச் சொன்னோம். குழந்தை பிறந்ததும் மருத்துவமனை தகவல் கொடுக்கும்போது பெரும்பாலும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். 'ஆண் குழந்தை', அப்பா பெயர், அம்மா பெயர், தேதி என்ற அளவில் பதிவு நடந்துவிடும். பிறகு பெற்றோர் போய் பெயரைச் சேர்க்க வேண்டும். நிறைய பேர் போவதில்லை. கையில் சான்றிதழ் இருக்கிறதே என்ற நிம்மதியில் அப்படியே விட்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை பெயர் சேர்ப்பது இலவசம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அந்த 15 ஆண்டு முடிந்தால் வாய்ப்பும் முடிந்தது. பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது கால நீட்டிப்பு கொடுத்திருக்கிறது. ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

சிக்கல் எங்கே என்றால், இந்த வாய்ப்பு மூடுவது 15-ல், லைசென்ஸ் வயது தொடங்குவது 16-ல். அலமாரியைத் திறந்து சான்றிதழை முதல் தடவை ஒழுங்காகப் பார்க்கும் நாளில் அவகாசம் முடிந்திருக்கும். 2023-க்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழ் கைகொடுக்கும். பின்னால் பிறந்த பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. பெயரில்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு ஆர்டிஓவிலும் எதையும் நிரூபிக்க முடியாது.

கேரளாவில் பதிவான குழந்தைக்கு பெயர் சேர்க்கும் கால வரம்பையும் கட்டணத்தையும் அந்த உள்ளாட்சி அமைப்பிடம்தான் கேட்க வேண்டும். இங்கத்து 200 ரூபாய்க் கணக்கு அங்கே பொருந்தாது.

எழுத்துப் பிழை மட்டும் என்றால் பதிவாளரிடம் ஆவணங்களோடு விண்ணப்பித்துத் திருத்தலாம். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுவார்கள். ஆனால் ஒரு பெயரைப் பதிந்துவிட்டு, ஜோசியர் சொன்னார் என்று வேறொரு பெயருக்கு முழுசாக மாற்றுவது திருத்தத்தில் வராது.

சான்றிதழே இல்லை என்றால்?

முதலில், பதிவே இல்லையா அல்லது பதிவு இருந்து காகிதம் மட்டும் தொலைந்ததா என்று பாருங்கள். பலருக்கு இரண்டாவதுதான். தமிழ்நாட்டில் 2018-க்குப் பிந்தைய பிறப்புகளை மாநிலத்தின் பிறப்பு, இறப்பு பதிவு இணையதளத்தில் (சிஆர்எஸ்) இலவசமாகவே பதிவிறக்கலாம். அதற்கு முந்தையவை என்றால் பதிவு நடந்த அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். பேரூராட்சி எல்லைக்குள் வீட்டில் பிறந்தவர் என்றால் பேரூராட்சி அலுவலகம். பேச்சிப்பாறை போன்ற கிராம ஊராட்சிப் பகுதி என்றால் கிராம நிர்வாக அலுவலர். மருத்துவமனையில் பிறந்தவர் என்றால் அந்த மருத்துவமனை எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அங்கத்துப் பதிவாளர்.

பதிவே நடக்கவில்லை என்றால் தாமதப் பதிவு. பிறந்து 21 நாளுக்குள் தகவல் கொடுத்தால் கட்டணம் கிடையாது. 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாளைத் தாண்டி ஒரு வருடத்துக்குள் என்றால் மாவட்டப் பதிவாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான வருவாய் அதிகாரி அல்லது ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட் உத்தரவு போட வேண்டும். முன்பு இதற்கு நீதிமன்ற மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. 2023 திருத்தம் அதை மாற்றியது. திற்பரப்பு பகுதிக்கு இந்த வேலை பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகம் சார்ந்தது. அலுவலகம் தக்கலையில்.

அங்கே போகும் முன், சம்பந்தப்பட்ட பதிவாளரிடம் "இந்தப் பிறப்பு பதிவாகவில்லை" என்ற சான்றை வாங்க வேண்டும். இதை வாங்காமல் போய்த் திரும்புகிறவர்கள்தான் அதிகம். கூடவே பள்ளி ஆவணம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை என்று இருப்பதையெல்லாம் எடுத்துப் போங்கள். பேச்சிப்பாறை மலைப்பகுதியில் காணி குடியிருப்புகளில் வீட்டிலேயே பிறந்தவர்களுக்கு இந்த ஆவணங்கள் குறைவாகத்தான் இருக்கும். அவர்களுக்கு கிராம சுகாதார செவிலியரின் பதிவேடும் பள்ளி அட்மிஷன் பதிவும் பெரிய உதவி.

வயதானவர்களின் கணக்கு வேறு. 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தத் தலைமுறையின் ஜாதகத்திலும், சில தேவாலயத் திருமுழுக்குப் பதிவுகளிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். கொல்லம் 1140 மேடம் என்றால் 1965 ஏப்ரல், மே. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், அதோடு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையுள்ள நாட்களுக்கு 824-ஐயும், ஜனவரிக்குப் பிந்தைய நாட்களுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். தவறாக மாற்றி எழுதினால் ஒரு வருடம் கூடும் அல்லது குறையும். ஜாதகமும் திருமுழுக்குப் பதிவும் துணை ஆதாரம்தான், பிறப்புச் சான்றிதழுக்கு மாற்று இல்லை.

பள்ளியில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி

நம் ஊரில் ஒரு காலத்தில் மே மாதக் கடைசியில் பிறந்தவர்கள் ஏகப்பட்ட பேர்! ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது சரியாக இருக்க வேண்டும் என்று ஆசிரியரே ஒரு மே மாதத் தேதியைப் போட்டுவிடுவார். உண்மையான பிறந்தநாள் புரட்டாசியிலோ தையிலோ இருக்கும். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. ஆனால் இரண்டு ஆவணமும் ஒரே மேசைக்கு வரும்போது சிரிப்பு வராது.

இப்படி இருப்பவர்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு இன்னும் எழுதாத பிள்ளை என்றால், பிறப்புச் சான்றிதழைக் காட்டி பள்ளிப் பதிவைத் திருத்துவதுதான் சுலபம். தேர்வு எழுதி முடித்துவிட்டால் மார்க் ஷீட்டில் தேதி மாற்ற நீதிமன்றம் வரை போக வேண்டி வரலாம். வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்கு, எல்லா ஆவணத்திலும் ஏற்கெனவே ஒரே பள்ளித் தேதி இருந்தால், திடீரென்று பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டுவது புதுச் சிக்கலைத்தான் கொண்டுவரும். பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, லைசென்ஸில் இன்னொரு தேதி என்ற நிலை மட்டும் வரவே கூடாது. வளைகுடா நாட்டில் அங்கத்து லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

பிறந்த தேதியில் ஏன் இவ்வளவு கறார்?

திற்பரப்பு அருவிக்கு சீசன் நேரத்தில் வருகிறவர்களைப் பார்த்தால் தெரியும், வண்டியை ஓட்டுபவர்களில் சிலருக்கு மீசையே முளைத்திருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 வயது ஆகாதவர் வாகனக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் பொறுப்பு. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பிள்ளைக்கு அன்றைக்கு என்ன வயது என்ற ஒரே கேள்வியில்தான் இது அத்தனையும் நிற்கிறது.

ஆட்டோ, ஜீப், லாரி என்று போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். 40 வயது தாண்டியவர்களும், போக்குவரத்து வாகன உரிமம் கேட்பவர்களும் மருத்துவச் சான்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பதிவாளர் மறுத்தால் எங்கே போவது?

புதிய பிறப்பைப் பதிந்து முடித்த ஏழு நாளுக்குள் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2023 திருத்தத்தில் வந்த விதி. பதிவாளரின் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாய்மொழியாக "முடியாது" என்று சொன்னால் அதற்கு மேல்முறையீடு போட முடியாது. மனுவை எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். 30 நாள் கணக்குக்கு அந்தக் காகிதம்தான் தேவைப்படும்.